ரூல் எஞ்சினும் நஞ்சை நிலமும்

"வணிக விதிகளை நிரலுக்குள்ளே எழுதாதே, வெளியே எடுத்து வை." இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கும் அறிவுரை. இதில் எனக்கு மறுப்பு இல்லை. இதோடு சேர்த்து விற்கப்படும் இன்னொரு வாக்கியம்தான் இடிக்கிறது: "அப்புறம் புரோகிராமரே வேண்டாம், அதிகாரியே விதியை மாத்திக்குவார்." ரூல் எஞ்சின் விற்க வருபவர்கள் எல்லோரிடமும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக, நம்ம வீட்டு கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10-க்கு முன்பு இருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1130 ரூபாய். 501 ஓடினால் 1786 ரூபாய் 60 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய் வித்தியாசம்! காரணம், மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கடைசி யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு விலை. 101 முதல் 200 வரை 2 ரூபாயாக இருந்தது 3.50 ஆகிவிடும். 201 முதல் 500 வரை 3 ரூபாயாக இருந்தது 4.60 ஆகிவிடும். நிலைக்கட்டணமும் 30-லிருந்து 50.

பில் போடுகிற மென்பொருளில் யூனிட்டைப் படிப்பது, ரசீது அச்சிடுவது, பணம் வாங்குவது எல்லாம் ஒரு பக்கம். மேலே சொன்ன கணக்கு இன்னொரு பக்கம். முதல் பக்கம் அடிக்கடி மாறாது. இரண்டாவதை மாற்றுவது மின்சார ஒழுங்குமுறை ஆணையம், புரோகிராமர் அல்ல. ஆகவே அதைத் தனியாக ஓர் அட்டவணையில் வை என்பது நியாயம்தானே?

நியாயம்தான். ஆனால் 2022-ல் நடந்ததைப் பாருங்கள். விலை மட்டுமா மாறியது? வீடுகளுக்கு நிலைக்கட்டணமே போய்விட்டது. 200 வரை, 500 வரை, 500-க்கு மேல் என்று மூன்று வகையாக இருந்தது இரண்டு வகையாகச் சுருங்கியது. 401 முதல் 500 வரை 6 ரூபாய் என்று புதுசாக ஒரு படி முளைத்தது. 500-க்கு மேலே 8, 9, 10, 11 என்று நான்கு படிகள். (புதுக் கணக்கில் 500-க்கு 1725, 501-க்கு 1958. பள்ளம் குறைந்திருக்கிறது, மூடவில்லை.) "எண்கள்தான் மாறும், வடிவம் மாறாது" என்று நம்பி அட்டவணை செய்தவருக்கு அன்றைக்கு மறுபடியும் நிரலைத் திறக்கிற வேலை. போதாததற்கு, ஆணை நடைமுறைக்கு வந்தது மாத நடுவில். ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் கணக்கெடுத்த வீட்டுக்கு எந்த விதி? வெறும் விலைப்பட்டியல் இதற்குப் பதில் சொல்லாது.

இதுவாவது சுலபமான வகை. உள்ளே போகும் தகவல் யூனிட் ஒன்றுதான், அதை மீட்டர் சொல்லிவிடுகிறது. தகவலை மனிதர்களும் பழைய பதிவேடுகளும் சொல்கிற இடத்துக்கு வந்தால்தான் கதை தெரியும்.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம். மாதம் 1000 ரூபாய். சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்து, 1 கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமானோர் தேர்வானார்கள். இந்த அளவை மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து பிரிக்க முடியாது. அரசு வெளியிட்ட தகுதிகள் யாருக்கும் புரிகிற தமிழில் இருந்தன: 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழே, நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள், கார், டிராக்டர் இருக்கக் கூடாது. விதி எழுதுவதில் இது நல்ல மாதிரி என்றே சொல்வேன். 'குடும்பத் தலைவி' யார் என்பதற்குக்கூட வரையறை கொடுத்தார்கள்: ரேஷன் அட்டையில் ஆண் பெயர் தலைவராக இருந்தால் அவர் மனைவி. முகாம்கள் நடந்துகொண்டிருந்த ஆகஸ்டிலேயே முதியோர் ஓய்வூதியம் வாங்குவோர் குடும்பங்களுக்கும் தளர்வு கொடுத்தார்கள். பாதி வழியில் விதி மாறுவது இதுதான். விதியை வெளியே வை என்கிற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இப்போது அந்த நில விதியை மட்டும் ரூல் எஞ்சினில் ஏற்றிப் பார்ப்போம். ஒரே வரி. அதில் உள்ள 'அல்லது' என்ற சொல்லை கம்ப்யூட்டர் புரிந்துகொள்வதுபோல் அப்படியே எடுத்தால், 50 ஏக்கர் நன்செயும் 1 ஏக்கர் புன்செயும் வைத்திருப்பவர்கூட தேறிவிடுவார், புன்செய் பத்துக்குள்தானே இருக்கிறது! அது அரசின் எண்ணம் இல்லை என்று நமக்குத் தெரியும், எஞ்சினுக்குத் தெரியாது. சரி, 'அல்லது' வேண்டாம், இரண்டுமே வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று திருத்துகிறோம். இப்போது 4 ஏக்கர் நன்செயும் 9 ஏக்கர் புன்செயும் உள்ளவர் உள்ளே வந்துவிடுகிறார். இரண்டு புன்செய் ஏக்கரை ஒரு நன்செய் ஏக்கராகக் கணக்கிட்டால் அவரிடம் இருப்பது எட்டரை. விதியின் உள்நோக்கம் எது? எழுதியவரிடம் போய்க் கேட்டால்தான் உண்டு. சிட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும், விதி ஏக்கரில் இருக்கிறது என்பதெல்லாம் சில்லறை விஷயம்.

பெரிய விஷயம், நன்செய் என்றால் என்ன? எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில். ஆவுடையார்கோவில் பக்கம் கண்மாய்ப் பாசன நிலம் பதிவேட்டில் நஞ்சை. மழை பொய்த்து கண்மாய் வறண்டு, வயலில் சீமைக்கருவேலம் நின்றாலும் சிட்டாவில் அது நஞ்சையேதான். கீரமங்கலம், வடகாடு பக்கம் போனால் பதிவேட்டில் புஞ்சையாக இருக்கும் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பூவும் வாழையும் பலாவும். ஆறு ஏக்கர் வறண்ட நஞ்சைக்காரிக்கு இல்லை, ஒன்பது ஏக்கர் செழித்த புஞ்சைக்காரிக்கு உண்டு. விதியில் தப்பில்லை, நிரலிலும் தப்பில்லை. என்றைக்கோ ஒரு நிலவரித் திட்டத்தில் எழுதப்பட்ட ஒரு சொல், இன்றைய வருமானத்துக்கு அளவுகோலாக வந்து நிற்கிறது.

மின்சார விதியும் அப்படித்தான். 3600 யூனிட் எந்த ஆண்டுக்கு? காலண்டர் ஆண்டா, நிதியாண்டா, கடைசி ஆறு பில்லா? ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருந்தால்? மீட்டருக்குக் குடும்பம் தெரியாது, ரேஷன் அட்டைக்கு மீட்டர் தெரியாது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிதி நிறுவனத்தில் கடன் விதிகளையெல்லாம் எக்செல் அட்டவணையாக்கி, மேலாளரே மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். மாத வருமான வரம்பை அவர் ஒருநாள் உயர்த்தினார். ஒரு கிளையில் 'வருமானம்' என்ற கட்டத்தில் பிடித்தம் போக வரும் தொகை, இன்னொரு கிளையில் பிடித்தத்துக்கு முந்தைய தொகை. இரண்டு ஊரில் ஒரே சம்பளக்காரர்களுக்கு இரண்டு முடிவு. மாற்றியது ஒரே எண், நிரலைத் தொடவே இல்லை, விளம்பரத்தில் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது.

இது புதிய அனுபவமும் அல்ல. 1970-களின் கடைசியில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்துக்காக ஜான் மெக்டெர்மாட் எழுதிய எக்ஸ்கான், கணினி ஆர்டர்களைச் சரிபார்க்கும் விதி அமைப்பு. சில நூறு விதிகளில் தொடங்கி ஆயிரக்கணக்கில் பெருகியது. கடைசியில் அந்த விதிகளைப் பராமரிக்கவே தனிக் குழுவும் தனி முறையும் தேவைப்பட்டன. புரோகிராமர் மறையவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது.

மாறாக எனக்குப் பிடித்தது பிரான்சில் உருவான கட்டலா என்ற மொழி. சட்டப் பிரிவின் வாசகத்தை அப்படியே வைத்து, அதன் கீழேயே அதற்கான நிரலை எழுதுகிறார்கள். வழக்கறிஞரும் புரோகிராமரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதைச் செய்ய முடியும். 'புரோகிராமர் வேண்டாம்' என்பதற்கு நேர் எதிர் இது. ஒவ்வொரு 'அல்லது'வும் எழுதும்போதே சண்டைக்கு வந்துவிடும்.

சொல்லை வரையறுப்பதற்கு நம் பக்கமும் பழைய பாடம் இருக்கிறது. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுகள், பராந்தக சோழன் காலம். 919-ல் ஒரு விதி, 921-ல் திருத்தம். வயது வரம்பு 30-60 என்பது 35-70 ஆனது. இரண்டும் கல்லில் இருப்பதால் எது எப்போது மாறியது என்று இன்றும் படிக்கலாம். நான் வியப்பது வேறு இடத்தில். கணக்குக் காட்டாதவரின் உறவினர் நிற்கக்கூடாது என்கிறார்கள். 'உறவினர்' என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன் என்று ஒவ்வொருவராக வெட்டிவைத்திருக்கிறார்கள். நிலமுள்ள பிராமணர்களுக்குள் மட்டும் நடந்த தேர்வு என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் தேர்வில் விழுந்தவன் சுவரைப் பார்த்து, தான் எந்தச் சொல்லில் விழுந்தேன் என்று விரல் வைக்க முடிந்தது.

விதியை வெளியே எடுக்கச் சொல்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: வெளியே என்றால் யாருக்கு வெளியே? அதிகாரியின் திரை வரைக்குமா, விண்ணப்பித்தவர் கை வரைக்குமா? உரிமைத் திட்டத்தில் நிராகரிப்புக் காரணம் குறுஞ்செய்தியில் வரும், 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்தது நல்ல ஏற்பாடு. என்னைக் கேட்டால் அந்தச் செய்தியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்த விதி, அதற்குள் போன மதிப்பு என்ன, அந்த மதிப்பு எந்தப் பதிவேட்டிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது. 'நில வரம்பு மீறல்' என்று வந்தால் ஆவுடையார்கோவில் அக்கா யாரிடம் போய் என்னவென்று கேட்பார்? 'நன்செய் 2.43 ஹெக்டேர், இன்ன பட்டா எண்' என்று வந்தால் நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், "இதில் பாதி என் கொழுந்தன் பேருக்கு மாறி நாலு வருசம் ஆச்சுங்க சார்" என்று சொல்லலாம்.