கும்பப்பேட்டையின் நெல்கணக்கு

சமூகவியல் கோட்பாடுகளை மூக்குக்கண்ணாடிகளுக்கு ஒப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. செயல்பாட்டியம் ஒன்று, முரண் கோட்பாடு ஒன்று. அவரவருக்கு வேண்டியதை மாட்டிக்கொள்ளலாமாம், எதுவும் தவறில்லையாம். இந்தச் சோம்பலான சமரசத்தை நான் ஏற்கவில்லை. தஞ்சாவூர் ஏற்கவிடாது.

கோம்த்தும் ஸ்பென்சரும் சமூகத்தை ஓர் உடலாகக் கண்டார்கள். வேலைப் பிரிவினையே மனிதரைப் பிணைக்கிறது என்று 1893இல் துர்கைம் எழுதினார். அதைப் பார்சன்ஸ் 1951இல் காற்றுப் புகாத மாளிகையாகக் கட்டி எழுப்ப, ரைட் மில்ஸ் 1959இல் அதன் சுவர்களை இடித்தார். இவ்வளவும் பாடநூல்களில் உண்டு. இதே வழக்கு நம் கிராமங்களில் நடந்தது அவற்றில் அபூர்வம்.

பிரமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்த லூயி துய்மோன், 1966இல் சாதி முழுவதையும் தூய்மை, தீட்டு என்ற எதிர்வுக்குள் அடக்கினார். கம்பீரமான நூல்தான், ஆனால் அதில் நிலமும் கூலியும் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஆந்த்ரே பெத்தேய் வெபரின் வழியில் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் பிரித்துப் பார்த்தார். அதிகாரம் அக்கிரகாரத்தை விட்டு நகர்வதை அவருடைய 1965ஆம் ஆண்டு நூல் நுட்பமாகக் காட்டியது. அவர் தங்கியிருந்ததோ அக்கிரகாரத்தில். அதனால் சேரியோடு பழக முடிந்தது குறைவு என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

என் மனம் நிற்பது கேத்லீன் கஃபிடம். 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தின் இரண்டு ஊர்களில் களப்பணி செய்தவர். ஒன்றுக்குக் கும்பப்பேட்டை என்று புனைபெயரிட்டார். தொடக்கக் கட்டுரைகளில் உறவுமுறையும் சாதி ஒழுங்கும் முன்னே நின்றன. பிறகு மார்க்சியராகி, அதே களக்குறிப்புகளைத் திரும்ப எடுத்து 1981இல் பெருநூலாக்கினார். கேள்வியே மாறிவிட்டது: விளைந்த நெல்லில் மிராசுதாருக்கு எவ்வளவு, குத்தகைக்காரருக்கு எவ்வளவு, பண்ணையாளுக்கு எவ்வளவு?

களக்குறிப்பு ஒன்றே, பார்வைதானே மாறியது, இதுவும் இன்னொரு கண்ணாடிதானே என்று கேட்பார்கள். இல்லை. ஒழுங்கைத் தேடும் கோட்பாட்டுக்குப் பண்ணையாள் அமைப்பின் ஓர் உறுப்பு. அவர் கூலி கேட்டு நின்றால் அது கோளாறு. கஃபின் கணக்கில் அந்தக் கேள்வி களத்துமேட்டிலேயே, நெல் அளக்கும் மரக்காலிலேயே இருக்கிறது. பண்ணையாள் பாதுகாப்புக்கென்று 1952இல் சட்டம் போட வேண்டிவந்த மாவட்டம் அது. செங்கொடி கீழத்தஞ்சையில் ஏன் வேரூன்றியது என்பதற்குத் தூய்மை–தீட்டிலிருந்து மட்டும் விடை வராது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது கூலித் தகராறு. கொல்லப்பட்டவர்கள் தலித்துகள், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்.

சாதியையும் கூலியையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத கோட்பாடு அந்த இரவின் முன் தோற்றுப்போகிறது. நம் மாணவர்களுக்குச் சமூகவியலைப் பாரிஸிலிருந்து தொடங்கிச் சொல்லித்தருகிறோம். கும்பப்பேட்டையின் நெல்கணக்கிலிருந்து தொடங்கட்டும். துர்கைமிடம் அங்கிருந்து போகலாம்.