வீட்டுத் தமிழும் வகுப்புக் கணிதமும்

கன்னங்கராவைத் தலைவராகக் கொண்ட விசேட கல்விக் குழு, ஆரம்பக் கல்வியின் போதனாமொழி தாய்மொழியாதல் வேண்டும் என 1943இல் விதந்துரைத்தது. கிராமத்துத் தமிழ்ப் பாடசாலைகள் அதற்கு முன்னரே தமிழிற் கற்பித்தன. ஆங்கிலப் பாடசாலைகளின் கீழ்வகுப்புகள் 1945 தொடக்கம் அவ்வழிக்கு வந்தன. இதனோடு பிரச்சினை தீர்ந்தது என்பார் ஒரு சாரார். ஆங்கிலமின்றிக் கணிதம் வளராது என்பார் மற்றொரு சாரார். குழந்தை வீட்டிற் பேசும் மொழிக்கும் வகுப்பிற் கேட்கும் மொழிக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்பதை இரு சாராரும் நோக்குவதில்லை.

பிற்கூறப்பட்டோரின் வாதம் வரலாற்றுக்கு ஒவ்வாதது. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலவழிக் கல்வி பெற்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அட்சரகணிதத்தையே அன்று தாங்கிய மொழி, கூட்டலையும் கழித்தலையும் தாங்காதெனக் கூறுதல் பொருந்தாது. எனினும், மொழியின் ஆற்றல் வேறு, அம்மொழியைக் குழந்தையிடம் சேர்க்கும் முறை வேறு. முற்கூறப்பட்டோர் மறந்தது இதனையே.

உடுப்பிட்டியில் முதலாம் வகுப்பிற் சேரும் குழந்தை 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என எண்ணிப் பழகியே வருகின்றது. அவ்வழக்கைப் பிழையென ஒதுக்கி 'ஒன்று, இரண்டு, மூன்று' என உச்சரிக்கச் செய்வதிற் பாடநேரம் கழியுமாயின், அங்கு நடப்பது மொழிப்பாடமேயன்றிக் கணிதமன்று. பதினொன்று என்பதிற் பத்தும் ஒன்றும் வெளிப்படையாக நிற்கின்றன. ஆங்கிலத்தின் 'இலெவன்', 'ருவெல்வ்' ஆகியவற்றில் இத்தெளிவு இல்லை. மறுபுறத்தில், எண்பதை அடுத்து வரும் தொண்ணூறு தன் பெயரை நூறு என்பதிலிருந்தும், தொள்ளாயிரம் தன் பெயரை ஆயிரம் என்பதிலிருந்தும் பெறுகின்றன. ஆங்கிலத்தைப் பின்பற்றி வகுக்கப்படும் பாடவொழுங்கு முன்னைய வசதியைப் பயன்படுத்தாது. பின்னைய இடரிற் குழந்தைக்குத் துணைநில்லாது.

பின்னங்களில் இவ்விடைவெளி மேலும் புலப்படும். 'முக்கால்' என்னும் சொல் மூன்று கால் என்னும் கூட்டலையும், 'அரைக்கால்' என்னும் சொல் காலின் அரை என்னும் பெருக்கலையும் தம்முள்ளே கொண்டவை. காணியைப் பரப்பென அளக்கும் வீட்டில் அரைப்பரப்பும் முக்காற்பரப்பும் அன்றாடப் பேச்சாகும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதும் அங்கு அறிந்ததே. வகுப்பிலோ அதே அளவு 'நான்கில் மூன்று' என அறிமுகமாகின்றது. இத்தொடர் முழுமையை முதலிலும் பகுதியைப் பின்னரும் கூறுகின்றது. கரும்பலகையில் மூன்று மேலேயும் நான்கு கீழேயும் எழுதப்படுகின்றன. காது முதலிற் கேட்ட எண்ணைக் கண் இறுதியிற் காண்கின்றது. கொரிய மொழியும் பின்னத்தின் கீழெண்ணையே முதலிற் கூறுவதால், இது தமிழின் குறைபாடன்று. விளக்கப்படவேண்டிய ஒரு மொழியியல்பு. விளக்கப்படாதவிடத்து, தொகுதியும் பகுதியும் மனப்பாடச் சொற்களாகவே எஞ்சும்.

இதனால் முந்திரியையும் காணியையும் மீண்டும் வகுப்பறைக்குக் கொணர்தல் வேண்டும் என்பது பொருளன்று. முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி இன்றைய குழந்தையின் வீட்டில் வழங்கும் சொல்லன்று. பழமை வேறு, வீட்டுமொழி வேறு. பாடநூலின் செந்தமிழும் தேவையற்றதன்று. ஆயின், அது பாதையின் முடிவில் நிற்கவேண்டியதேயன்றி வாயிலில் நிற்கவேண்டியதன்று. ஆசிரியர் 'முக்கால்வாசி'யிற் றொடங்கி 'நான்கில் மூன்று' என்பதற்கும், அதன்பின் குறியீட்டிற்கும் குழந்தையை அழைத்துச் செல்லவேண்டும்.

இப்பயிற்சி ஆசிரியர் கலாசாலைகளிற் கணிதத்தின் ஒரு கூறாக இடம்பெறாதவரையில், தாய்மொழிக் கல்வி அச்செழுத்தளவிலேயே தமிழாக இருக்கும். தமிழிற் கற்றும் பின்னம் விளங்காத குழந்தையைக் காணும் பெற்றோர் குற்றத்தை மொழியின் மீதே சுமத்துவர். ஆங்கிலமொழிமூலத் தனியார் பாடசாலையை நாடுவர். அதற்கு வசதியற்ற வீட்டின் குழந்தையோ, கணிதம் தனக்கு வராது என்னும் முடிவோடு வகுப்பின் கடைசி வாங்கிலில் அமர்ந்திருக்கும்.