பதினாறா, பன்னிரண்டரையா?

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்குச் சில்வர் ஓக் மரம் வங்கியில் போட்ட பணம் மாதிரி. நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் நட்ட மரம், மகள் கல்யாணம், மகன் படிப்பு என்று பெரிய செலவு வரும்போது கைகொடுக்கும். அனுமதி வாங்கி வெட்டி விற்பார்கள். அப்போது கைக்கு வரும் தொகையைச் சந்தை விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. மரத்தின் சுற்றளவை எங்கே எடுத்தார்கள், எடுத்ததை வைத்து எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

எடை போட்டு டன் கணக்கில் வாங்குவதும், தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துக் குத்துமதிப்பாக விலை பேசுவதும் உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கன அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது இந்திய மர வியாபாரத்தில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கால் சுற்றுக் கணக்கைப் பற்றித்தான் பேச்சு. கட்டையின் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். வந்த அளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். 10 அடி நீளமுள்ள கட்டையின் சுற்று 60 அங்குலம், அதாவது 5 அடி என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு ஒன்றேகால் அடி. கணக்கில் வருவது 15.6 கன அடி. இங்கிலாந்தில் எட்வர்ட் ஹோப்பஸ் 1736-இல் வெளியிட்ட அளவை நூலின் வழியே பேர் பெற்ற முறை இது. வெள்ளைக்காரர் ஆட்சியோடு இங்கே வந்து ஊன்றிக்கொண்டது.

ஆனால் அந்தக் கட்டையில் உண்மையில் இருக்கும் மரம் 19.9 கன அடி. வட்டமான கட்டையை, அதே சுற்றளவுள்ள சதுரமாக இந்த முறை பாவிக்கிறது. ஒரே சுற்றளவுள்ள உருவங்களில் வட்டத்துக்குத்தான் பரப்பு அதிகம். எனவே உருண்டையான ஒவ்வொரு கட்டையிலும் 21½ சதவீதம் கணக்கில் ஏறாமலே போகிறது.

அறுக்கும்போது கழிவு போகிறதே, அதற்கான தள்ளுபடிதான் இது என்பார்கள். இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. உருண்டைக் கட்டையிலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய சதுரக் கட்டை அதில் 64 சதவீதம்தான். கால் சுற்றுக் கணக்கு காட்டுவதோ 78½. ஆக, அது முழு மரத்தையும் அளக்கவில்லை, அறுத்து வரும் மரத்தையும் அளக்கவில்லை. சதுரத்துக்கு வெளியே போகும் ஓரப் பலகையும் வீணாவதில்லை. பெட்டிக்கோ அடுப்புக்கோ விலையாகிவிடுகிறது.

இருந்தும் இந்த முறை இத்தனை காலம் நின்றதற்கு நியாயம் இருக்கிறது. நம் பழைய கணித நூலான கணக்கதிகாரத்திலேயே வட்டத்தின் பரப்புக்குப் பிழையில்லாத விதி உண்டு: பாதிச் சுற்றைப் பாதி விட்டத்தால் பெருக்க வேண்டும். ஆனால் நிற்கிற மரத்தின் விட்டத்தை எங்கே போய்ப் பார்ப்பது? சுற்றளவு அப்படியல்ல, டேப் இருந்தால் யாரும் எடுத்துவிடலாம். கோணல்மாணலான அடிமரத்தில் விட்டம் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்கும், சுற்று ஒன்றுதான். முண்டும் பள்ளமுமான மரத்தில் சுற்றளவு உள்ளதைவிட அதிக மரம் இருப்பதாகக் காட்டும்; அங்கே கொஞ்சம் தள்ளுபடி வாங்குபவருக்கு நியாயமே. நேராக, உருண்டையாக வளர்ந்த சில்வர் ஓக்குக்கு அந்த நியாயம் அவ்வளவாகப் பொருந்தாது.

டேப்பைப் பிடிக்கும் கையையும் கவனிக்க வேண்டும். நிற்கிற மரத்தை 4½ அடி உயரத்தில் அளப்பது முறை. சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அந்த உயரத்தைக் குறிக்க வேண்டும். மலையில் பள்ளத்துப் பக்கம் நின்று குறித்தால் அளவே மாறிவிடும். மிளகுக் கொடி ஏறிய மரத்தில் கொடிக்கு அடியில் டேப்பை நுழைத்துப் பட்டையோடு ஒட்டி இழுக்க வேண்டும். டேப் சாய்ந்தால் சுற்று கூடும், அது வாங்குபவருக்கு நஷ்டம். வெட்டிய கட்டையில் நடுவை விட்டு நுனிப்பக்கம் அளந்தால் விற்பவருக்கு நஷ்டம். மேலே சொன்ன கட்டையின் நுனிச் சுற்று 57 அங்குலம் என்றால் கணக்கு 14.1 கன அடியாக இறங்கிவிடும். மூன்றே அங்குலம்தான், ஒன்றரை கன அடி காணோம்.

முறை எதுவானால் என்ன, இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் விலை அதற்கேற்பச் சரியாகிவிடுமே என்று கேட்கலாம். உண்மைதான். தினம் மரம் வாங்குபவருக்கு அது தெரிந்திருக்கிறது. இருபது வருஷத்துக்கு ஒருமுறை விற்கும் விவசாயிக்குத்தான் தெரிவதில்லை. எங்கோ கேட்ட கன மீட்டர் விலையை 35.3-ஆல் வகுத்துக் கன அடி விலை பார்க்கிறார். அந்த விலை கிடைத்ததென்று மகிழ்ந்து கால் சுற்றுக் கணக்கில் விற்கிறார். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. 1956-இலேயே மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்ட நாட்டில் இந்தக் குழப்பம் இனியும் தேவையில்லை.

சுற்றளவு எடுப்பதை விட வேண்டாம், நாலால் வகுப்பதை விடலாம். சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்குங்கள். எல்லாம் அடியில் இருக்கட்டும். கால் சுற்றுக் கணக்கு இதைத்தான் 16-ஆல் வகுக்கிறது. நீங்கள் 12½-ஆல் வகுத்துப் பாருங்கள். நமது கட்டைக்கு 250-ஐ 12½-ஆல் வகுத்தால் 20 கன அடி. உண்மை அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் அரை சதவீதம்தான். மரம் விற்கப் போகிறவர்கள் விலை பேசும் முன்பே வகுப்பது 16-ஆலா 12½-ஆலா, அளப்பது நடுவிலா நுனியிலா, பட்டையோடா பட்டை நீக்கியா என்று கேட்டு, பதிலைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.