சிதைந்த பேச்சும் கணினி அளவும்

பேச்சின் இயைபின்மையை எண்ணால் அளக்கலாமா என்னும் வினா இன்று மனநோய் மருத்துவரால் எழுப்பப்பெறுகின்றது. மனச்சிதைவு நோயுற்றார் சிலர்தம் பேச்சு, எடுத்த பொருளை விட்டு வேறொன்றிற் சென்று, கேட்போர் பின்பற்ற இயலாதவாறு குலைந்துவிடும். இதனை மருத்துவர் செவியாற் கேட்டே மதிப்பிட்டு வந்தனர். 1979இல் நான்சி ஆண்ட்ரியாசன் என்னும் அமெரிக்க மருத்துவர் இக்குலைவுகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றற்கும் வரையறை கூறினார். அவ்வகைகளை நோக்குவார்க்கு நன்னூலின் பத்துக் குற்றங்கள் நினைவிற்கு வாராதிரா. மற்றொன்று விரித்தல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் ஆகியவற்றிற்கு ஏறத்தாழ ஒத்தன ஆண்டும் உள. ஆயினும் பவணந்தியார் சுட்டியது நூலின் குற்றம், நோயாளியின் நிலையன்று. இதனை மறந்து, தமிழர் அன்றே கண்டனர் என மகிழ்தல் ஆராய்ச்சியாகாது.

கணினி செய்வது யாது? ஒரு சொல் எச்சொற்களோடு பயின்று வருகின்றது என்பதைப் பெருந்தொகையான நூல்களிலிருந்து கணக்கிட்டு, அச்சொல்லின் பொருளை எண்வரிசையாக்குவர். அவ்வெண்களைக் கொண்டு அடுத்தடுத்த தொடர்கள் பொருளால் எத்துணை நெருங்கியுள்ளன என்பதை அளப்பர். 2007இல் எல்வவோக் முதலியோர் இம்முறையை நோயாளர் பேச்சிற்குப் பொருத்தினர். 2015இல் பெடி முதலியோர், நோய் தோன்றக்கூடும் என அஞ்சப்பட்ட 34 இளைஞர்தம் பேச்சை ஆராய்ந்தனர்; பின்னர் அவருள் ஐவர் நோயுற்றனர். தொடர்நெருக்கத்தின் மிகத் தாழ்ந்த அளவு, தொடரின் மிகுநீளம், ஆங்கிலச் சுட்டு வினாச் சொற்களின் ஆட்சி ஆகிய மூன்றும் அவ்வைவரைப் பிழையின்றிப் பிரித்துக் காட்டின. ஐவரை வைத்து நிறுவிய முடிபு இது என்பதை உளங்கொள்ளல் வேண்டும். 2018இல் கோர்கோரன் முதலியோர் ஒரு குழுவினின்று அமைத்த முறையை மற்றொரு குழுவிற் பொருத்தியபோது, பொருத்தம் நூற்றுக்கு 79 ஆயிற்று.

இனித் தமிழுக்கு வருவாம். மேற்கூறிய மூன்றனுள் இறுதியது நமக்கு அப்படியே பொருந்தாது. ஆங்கிலத்தில் தொடரைப் பெயரோடு பிணைக்கும் தனிச்சொற்களின் பணியைத் தமிழிற் பெயரெச்சமே செய்துவிடுகின்றது. 'நேற்று வந்த ஆள்' என்பதில் எண்ணுதற்குரிய தனிச்சொல் ஏது? முதலாவதும் ஐயத்திற்கிடமானதே. கொண்டுகூட்டுப் பொருள்கோள் அமைந்த செய்யுள் ஒன்றை இக்கணினியிடம் தரின், அதனை அது குலைந்த பேச்சென்றே கூறக்கூடும். ஓசை ஒற்றுமையாற் சொல்லிலிருந்து சொல்லுக்குத் தாவுதலையும் மருத்துவர் ஒரு நோய்க்குறியாகக் கொள்வர். எதுகையில் ஊறிய நம் பழமொழிகளையும் விடுகதைகளையும் வாய்நிறையப் பேசும் கிழவியை அவர் என் செய்வரோ!

இது நகையாடற்குரிய செய்தியன்று. விருத்தாசலத்தை அடுத்த மங்களூர்ப் பக்கத்துப் பேச்சைக் கேட்டவர் அறிவர்: துயரத்தைக் கூறப் புகுந்தவர் மகனிடம் தொடங்கி, மழைக்குச் சென்று, இறந்த மாட்டை நினைந்து, மீண்டும் மகனிடம் வருவர். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) அந்நிலப்பகுதியின் பேச்சால் ஆயது. அதன் ஆரோக்கியம் புலம்புமிடங்களைப் பிழையெனக் கொள்வார் எவருமிலர். ஆனால் அத்தகைய தாய் ஒருத்தி மருத்துவமனையில் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்தால், செய்தித்தாள் நடையிற் பயின்ற கணினி அவளை எவ்வாறு எண்ணும்? நோயிலாதாரை நோயராக்குவதும், நோயுற்றாரைக் காணாது விடுவதும் இரண்டும் நிகழலாம்.

சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் 1984இலேயே தோன்றியது. அதற்கு முன்னரே, 1981இல், 90 நோயாளரை ஆண்டுக்கணக்கிற் பின்தொடரும் ஆய்வும் அந்நகரில் தொடங்கிற்று. மருத்துவர் தம் பங்கைச் செய்துள்ளனர். நலமுள்ள தமிழர் எவ்வாறு பேசுகின்றனர் என்பதை வட்டாரம், அகவை, கல்வி ஆகியவற்றாற் பிரித்துத் தொகுத்துத் தருதல் தமிழ்த்துறையின் கடனாம். அத்தொகுப்பிலும் ஓர் இடர் உண்டு. ஒலிப்பதிவை எழுத்தாக்கும் நம் மாணாக்கர், அரைகுறைத் தொடரை முடித்தும், 'வந்து' 'அப்புறம்' என்பனவற்றை நீக்கியும், வழக்கை எழுத்துநடையாகத் திருத்தியும் எழுதுவர். நாமே அவ்வாறு பயிற்றியுள்ளோம். எந்தக் குலைவை அளக்க வேண்டுமோ, அது அந்தத் திருத்தத்திலேயே மறைந்துபோம்.