பெத்லகேம் குறவஞ்சியில் காத்திருப்பும் நம்பிக்கையும்: திருவருகைக்கால நோக்கு

முன்னுரை

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக்காலம் இருமுகம் உடையது. அது பெத்லகேமில் நிகழ்ந்த முதல் வருகையை நினைவுகூர்கிறது. இறுதிநாளின் இரண்டாம் வருகையை எதிர்நோக்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் எவ்வாறு வாழ்வது என்பதே கிறித்தவ நம்பிக்கை எதிர்கொள்ளும் வினா. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைச் சிற்றிலக்கிய வடிவில் பெயர்களை மட்டும் மாற்றிய படைப்பாகக் கருதுவோர் உளர். அவ்வடிவமே மேற்கண்ட வினாவுக்கு விடையாவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உலாவும் குறியும்

குறவஞ்சியில் தலைவன் உலா வருகிறான். கண்ட தலைவி காதலுற்று வருந்துகிறாள். குறத்தி கைபார்த்து, அவன் வந்து சேர்வான் எனக் குறி சொல்கிறாள். திருக்குற்றாலக் குறவஞ்சியில் நம் கண்முன் கூடுவோர் சிங்கனும் சிங்கியுமே. வசந்தவல்லியின் கூடல் குறத்தியின் சொல்லளவில் நிற்கிறது. ஒருமுறை வந்தவன் மீண்டும் வருவான் என்ற வாக்கே தலைவிக்கு எஞ்சுகிறது. இது குறவஞ்சியின் குறைபாடன்று, அதன் இயல்பு.

சாஸ்திரியார் நூலில் தலைவன் பெத்லகேம் நாதராகிய கிறிஸ்து. தலைவி தேவமோகினி, திருச்சபையின் உருவகமாகிய சீயோன் குமாரத்தி. லுத்தரன் மரபின் பழைய வாசக வரிசையில் திருவருகைக்கால முதல் ஞாயிற்றுக்கு உரியது எருசலேம் பவனி (மத்தேயு 21). அங்கும் செய்தி சீயோன் குமாரத்திக்கே அறிவிக்கப்படுகிறது. இரண்டாம் ஞாயிற்றுக்கு உரியது மறுவருகையின் அடையாளங்கள் (லூக்கா 21). உலாவை அடுத்துக் குறி வருவதுபோல், பவனியை அடுத்து அடையாளங்கள் வருகின்றன.

குறி கேட்பதை உபாகமம் 18 விலக்குகிறது. எனினும் குறத்தி விசுவாசத்தின் உருவகமாவதால், குறி எதிர்காலத்தைத் துருவும் கலையாக நில்லாமல் வேத வாக்குத்தத்தத்தை எடுத்துரைக்கும் குரலாகிறது. நம்பிக்கைக்கு உறுதி தருவது விசுவாசமே என்னும் எபிரெயர் 11:1இன் கருத்து இங்கு நாடக உறவாக உருப்பெறுகிறது.

இரங்கலும் இருத்தலும்

அகமரபில் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். குறி கேட்கும் தலைவியின் மனம் முன்னதிலிருந்து பின்னதற்கு நகர்கிறது. முல்லைத் தலைவிக்குக் கார்ப்பருவம் என்னும் தவணை உண்டு. மறுவருகையின் நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் (மத்தேயு 24:36). எனவே அடையாளங்களைப் படிக்கும் தேவை எழுகிறது. லூக்கா 21இல் துளிர்க்கும் அத்திமரம், முல்லைத்திணையின் கொன்றைபோல், பருவம் அறிவிக்கிறது.

அடையாளங்களும் பிழைபடலாம். குறுந்தொகை 66இல், பருவமல்லாத மழையைக் காரெனக் கருதிக் கொன்றை மலர்ந்துவிட்டது என்று தோழி தேற்றுகிறாள். 21ஆம் பாடலில் காடே கார் வந்ததெனக் காட்டினும் தலைவி தெளியவில்லை. தலைவர் பொய் சொல்லார் என்பதே அவளுக்குப் போதுமானது. தலைவனின் வாய்மையே அவளுக்கு அடையாளத்தினும் பெரிய சான்று. நாள் குறித்து ஏமாறும் ஆர்வத்துக்கும், தாமதம் கண்டு சோரும் அவநம்பிக்கைக்கும் இதுவே மாற்று. கிறித்தவ நம்பிக்கையும் நிகழ்வுகளைக் கணக்கிடுவதில் நிலைபெறுவதில்லை. வாக்களித்தவரின் உண்மையில் நிலைபெறுகிறது.

இக்காத்திருப்பு செயலற்றதன்று. குறி முடிந்தபின் ஞானச்சிங்கனின் வேட்டை தொடங்குகிறது. அது நற்செய்திப் பணியின் உருவகம். வாக்குக்கும் கூடலுக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறவஞ்சி உழைப்பால் நிரப்புகிறது.

முடிவுரை

குறவஞ்சி தலைவியின் துயரை மறுப்பதில்லை. அவள் விரகம் பாடப்பட்ட பின்னரே குறி சொல்லப்படுகிறது. துயரைக் கடந்து செல்லாத ஆறுதல் நம்பிக்கை ஆகாது என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகிறது. நிறைவேறாக் கூடலை நிறைவேறாததாகவே விட்டு, அதன்மீதான உறுதியை மட்டும் தரும் குறவஞ்சி, திருவருகைக்கால நம்பிக்கைக்குத் தமிழ் தந்த பொருத்தமான வடிவங்களுள் ஒன்று எனலாம்.