சித்திர வகுப்பும் கைவினையும்

ஆயகலைகள் அறுபத்து நான்கென எண்ணிய நம் முன்னோர், தச்சினையும் சிற்பத்தினையும் ஓவியத்தினையும் ஒரே நிரையில் வைத்தனர். இந்நாளைய உயர் வகுப்புக்களில் அவ்வொருமை பேணப்படுகின்றதா என்பது ஆராய்தற்குரியது.

கலை வேறு, கைவினை வேறு என்னும் பிரிவினையை மறுத்தவருள் ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். ஈழத்துக் கம்மியரின் தொழிற்றிறனை விளக்கி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல், கைப்பொறியில் அச்சிடப்பெற்றதாதலின், தானும் ஒரு கைவினையாயிற்று. 1920களில் சித்திரக் கல்வியின் தலைமைப் பரிசோதகராயிருந்த வின்சர், மாணாக்கரைத் தம் கண்ணாற் கண்டதை வரையத் தூண்டினார். அவர் பெயரால் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்திலே ஓவியக் கழகம் நிறுவினார். தூரிகை இவ்வாறு விடுதலை பெற்றது. உளியும் களிமண்ணுமோ வகுப்பறையின் புறத்தே நின்றுவிட்டன.

இன்று சாதாரணதரப் பரீட்சையில் சித்திரம், இசை, நடனம், நாடகம் ஆகியவற்றுள் ஒன்றையே மாணவன் தெரிவுசெய்கின்றான். சித்திரம் கற்பவனும் சிற்பத்தைப் பெரும்பாலும் ஏட்டிலேயே அறிகின்றான். பொலனறுவைக் கல்விகாரையின் சயனச் சிலையில், தலை அழுந்தியதாற் குழிந்த தலையணையைச் சிற்பி கருங்கல்லிலே காட்டியுள்ளான். அதனை ஒரு குறிப்பாக மனனஞ் செய்பவன் புள்ளி பெறுவான். களிமண்ணைத் தன் பெருவிரலால் ஒருமுறை அழுத்தியவனே அதன் அருமையை உணர்வான்.

கற்பிட்டிக்கு அணித்தாய், கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் உச்சமுனையை எண்ணுக. வலையின் கண்ணளவும் தோணியின் வளைவும் அக்கரைச் சிறுவர்க்கு இளமையிலேயே பழகியவை. அளவு, சமநிலை, வடிவம் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவன அவர்தம் கைக்கு முன்னரே தெரிந்தவை. அவ்வறிவுக்கு வகுப்பறையில் இடமின்றேல், தந்தையின் தொழில் தாழ்ந்தது என்னும் எண்ணத்தையே சித்திர வகுப்பு அச்சிறுவர் நெஞ்சில் விதைத்துவிடும். இழப்பு ஒரு பாடத்தின் அளவில் நிற்பதன்று.

மீனவன் மகனை மீண்டும் வலைக்கே அனுப்பும் சூழ்ச்சி இஃது எனச் சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. தொழிலைப் பழக்குதல் மட்டும் கல்வியாகாது. பழகிய வடிவத்தை ஆராய்ந்து புதுவடிவம் காணச் செய்தலே கல்வியாம். கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணாக்கரும் 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் நிறுவிய சோழமண்டலம் இதற்குச் சான்று. அங்குள்ளோர் கைவினைப் பொருள்களை விற்றுத் தம் ஓவிய வாழ்வைக் காத்தனர். கைவினை அவர்தம் கலையைத் தாழ்த்தவில்லை, தாங்கிற்று.

ஆதலின், வண்ணப் பெட்டியோடு களிமண்ணும் ஓலையும் நூலும் வகுப்பினுள் வருதல் வேண்டும். அவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. கை அறிந்ததைக் கண் மதிக்கவும், கண் கண்டதைக் கை செய்யவும் பயிற்றுவதே கலையாசிரியர்தம் கடனாம்.