வின்யாசமும் எண்ணூர்க் காற்றும்

'உங்கள் உடலோடு மறுபடி உறவு கொள்ளுங்கள்' என்பதுதான் வின்யாச யோகத்தை விற்கிற இன்றைய வாசகம். ஓர் ஆசனத்தில் அசையாமல் நிற்பதல்ல அது. மூச்சை இழுக்கையில் கை உயரும், விடுகையில் உடம்பு மடியும், ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். நம் வட்டாரங்களில் இதைப் பார்ப்பனச் சொகுசு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். 2015 முதல் ஜூன் 21 தோறும் நடக்கும் யோகா தினமோ இதையே பல்லாயிரம் ஆண்டுப் பெருமிதமாகக் கட்டியமைக்கிறது. ஒதுக்குகிறவர்களும் கொண்டாடுகிறவர்களும் ஒரு இடத்தில் கைகுலுக்கிக் கொள்கிறார்கள். இது கலப்பில்லாதது, பழையது, ஒரு சாராருக்கு உரியது என்று இருவருமே நம்புகிறார்கள்.

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. இன்று உலகெங்கும் பரவியுள்ள ஓட்ட யோகத்தின் பெரும்பகுதி 1930களின் மைசூர் அரண்மனையில், மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், டி. கிருஷ்ணமாச்சாரியா நடத்திய யோகசாலையில் உருவானது. தமக்கு ஆதாரம் 'யோக குருண்டம்' என்ற சுவடி என்றார் அவர். அந்தச் சுவடி ஆய்வாளர் யார் கண்ணிலும் பட்டதில்லை. நார்மன் ஸ்யோமன் 1996லும் மார்க் சிங்கிள்டன் 2010லும் எழுதிய நூல்கள் அரண்மனையின் உடற்பயிற்சி மரபையும், மல்லர்களின் தண்டாலையும், ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸையும் இதற்குள் கண்டெடுத்துக் காட்டின. சூரிய நமஸ்காரத்தை ஒரு பொது உடற்பயிற்சியாகப் பரப்பியவர் ஔந்து சமஸ்தான மன்னர், அதுவும் 1920களில்தான். இந்த வரிசையில் உடம்பு தரைக்கு இறங்கும் இடத்தைப் பாருங்கள், அது தண்டால். ராயபுரத்துத் தேகப்பயிற்சிக் கூடங்களில் குத்துச்சண்டைக்காரர்கள் விடியற்காலையில் எடுத்த தண்டாலும் பஸ்கியும் மந்தைவெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொடுத்தவை அல்ல. அடிக்கும்போது மூச்சை விடணும்னு எந்தச் சூத்திரத்தையும் படிக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிருஷ்ணமாச்சாரியாவின் 'யோக மகரந்தம்' கன்னடத்தில் வெளியான 1934ஆம் ஆண்டில்தான் பாரிஸில் மார்செல் மோஸ் 'உடலின் நுட்பங்கள்' பற்றிய உரையை நிகழ்த்தினார். நடப்பதும் நீந்துவதும் தூங்குவதும்கூட ஒவ்வொரு சமூகமும் உடம்புக்குக் கற்றுக்கொடுத்தவை என்றார் மோஸ். இந்திய, சீன மூச்சுப் பயிற்சிகளையும் அவர் அதே பட்டியலில் வைத்தார். கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டும் அந்தப் பட்டியலில் சேரும். ஒருத்தர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது எல்லார் மூச்சும் ஒரே இழுப்பில் சேர்கிறது. இதைப் 'பாட்டாளியின் வின்யாசம்' என்று சொல்லிப் புல்லரித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்தத் தாளத்தைத் தீர்மானித்தவை வலையின் கனமும் வயிற்றுப்பாடும்.

அந்த உழைப்பும் அப்படியே நிற்கவில்லை. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் சரக்குப் பெட்டக முனையம் வந்தது. முதுகில் மூட்டை சுமந்தவர்கள் செய்த வேலை மெல்ல மெல்லப் பளுதூக்கிக்கும் டிரெய்லருக்கும் போய்ச்சேர்ந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் உடம்பை எந்தக் கோட்பாட்டில் வைப்பது? அவர் உழைக்கிறார், ஆனால் அசைவதில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது, கால் மரத்துப்போகிறது. காசிமேட்டு ஏலத்திலிருந்து கூடை தூக்கிப் போய் நாள் முழுக்கக் குந்தியிருந்து மீன் விற்கிற பெண்ணுக்கும் அப்படித்தான். அவள் தினமும் அரைமணி நேரம் யாருக்காகவும் இல்லாமல் தன் உடம்பை நீட்டி மடக்க ஆசைப்பட்டால் அது வர்க்கத் துரோகமா? 'உழைக்கிறவளுக்கு எதுக்கு உடற்பயிற்சி?' என்று கேட்கிற தோழர்கள் அவளை மறுபடி வேலைக்கு மட்டுமான உடம்பாகத்தான் பார்க்கிறார்கள். முதலாளியும் அப்படித்தான் பார்க்கிறான். கேட்கவேண்டிய கேள்வி அந்த அரைமணி நேரமும், கால் நீட்ட ஆறடி இடமும் அவளுக்கு எங்கே இருக்கின்றன என்பது.

வின்யாசத்தோடு எனக்குள்ள பெரிய சிக்கல் வேறு. இந்த முறையில் மூச்சுதான் வழிகாட்டி, உடம்பு அதன் பின்னால் போகிறது. 'ஆழமா இழுங்க' என்கிறார் பயிற்றுநர். எதை இழுப்பது? மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது, எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல். அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் வந்துவிட்டிருந்தன, சாம்பலும் ஓயவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவியபோது மீனவர்கள் மக்குகளால் அதை மொண்டு எடுத்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தங்கள் உடம்போடு அவர்களுக்கு உறவு அறுந்து போயிருக்கவில்லை. தூக்கத்திலிருந்தவர்களை எழுப்பியதே நுரையீரல்தான்.

ஆகவே 'உடலோடு உறவு' என்கிற சொல்லாடல் தோலோடு நின்றுபோவதுதான் அதன் அரசியல். காற்று எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கோளாறையெல்லாம் தனி மனிதரின் கவனக்குறைவாக அது மாற்றிவிடுகிறது. கிருஷ்ணமாச்சாரியாவே பின்னாளில் சென்னையில் வலியுறுத்தியது வேறொன்று: ஆளுக்கும் வயதுக்கும் தொழிலுக்கும் தக்கபடி பயிற்சி மாறவேண்டும் என்பது. 1976இல் அவர் மகன் தேசிகாச்சார் தொடங்கிய யோக மந்திரம் இதைத் தன் அடிப்படையாகவே கொண்டது. இந்தக் கொள்கையை முழுசாக எடுத்துக்கொண்டால் எண்ணூர்க்காரருக்குச் சொல்லித்தர வருகிறவர் முதலில் கேட்டறியவேண்டியது முழங்கால் வலியை அல்ல, இன்றைக்கு எந்தப் பக்கத்துக் காற்று அடிக்கிறது என்பதை.

பதஞ்சலி மூச்சை தேசம், காலம், எண்ணிக்கை ஆகிய மூன்றால் அளக்கச் சொல்கிறார். மூச்சு உடம்புக்குள்ளும் வெளியிலும் எட்டுகிற இடம் என்று தேசத்துக்கு உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள். எண்ணூரில் அந்தச் சொல்லுக்கு ஊர்ப்பெயரையே போட்டுப் படிக்கவேண்டியிருக்கிறது: பெரியகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம்.